காணி சேருக்குச் சைக்கிள் தெரிந்தெடுத்த கதை

வருகிற திங்கட்கிழமையிலிருந்து நான் ஓய்வு பெறுகிறேன். வயது இருபத்தேழு. சேவைக்காலம் மூன்று வருடமும் ஐந்து மாதமும். சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள். பட்டதாரி ஆசிரியர் நியமனக் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டியபோது முதலாளியும் சிரித்தார். "மூணு வருசமா இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு சொன்ன. நான் நம்பல்ல புள்ள," என்றார். நானும் நம்பவில்லை. நம்பியிருந்தால் இந்தச் சைக்கிள் கடையில் இவ்வளவு மனம் வைத்து வேலை பார்த்திருக்க மாட்டேன்.

எனக்குப் பதிலாக மாத்தளை டவுன் கடைக்கு வரப்போகும் உங்கள் இருவரையும் நான் இன்னும் பார்க்கவில்லை. இருவரும் சைக்கிள் பைத்தியங்கள் என்று முதலாளி சொன்னார். அதுதான் எனக்குப் பயம். நானும் அப்படித்தான் வந்து சேர்ந்தேன். கெம்பஸில் பௌதிகம் படித்துவிட்டு, எல்கடுவ மேட்டிலிருந்து காலையில் ஏறக்குறைய ஒரு பெடலும் மிதிக்காமல் கடைவரை உருண்டு வருவேன். பின்னேரம் சைக்கிளைப் பஸ்ஸில் ஏற்றச் சொல்லிக் கண்டக்டரிடம் கெஞ்சுவேன். உலகத்திலுள்ள எல்லா மனிதப் பிரச்சினைக்கும் பொருத்தமான ஒரு சைக்கிள் இருக்கிறது என்பது அப்போது என் கொள்கை. இப்போதும் அதுதான் கொள்கை. ஆனால் பிரச்சினை எது என்று முதலில் கேட்க வேண்டும். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன்.

சக்கரத்தின் கோட்டம் எடுப்பது, கியர் கேபிளை இறுக்குவது, ஜப்பானிலிருந்து கொண்டெய்னரில் வரும் பழைய சைக்கிள்களில் எதை எடுப்பது, எதைக் கழிப்பது எல்லாவற்றையும் முதலாளி காட்டித்தருவார். நான் அதற்குள் போகவில்லை. தூரப் பயணத்துக்கு வசதியான ரோட் பைக் ஒன்று வேண்டும் என்று யாராவது வந்து நின்றால் என்ன செய்வது என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். அதை நான் ஒரே ஒரு மனிதரை வைத்துத்தான் கற்றுக்கொண்டேன். அவரை மூன்று கிழமை வதைத்த பிறகு.

அவர் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், காணி உத்தியோகத்தர். அவருடைய பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. காணி சேர் என்றால் மாத்தளையிலிருந்து நாவுல வரை தெரியும். சொந்த ஊர் யாழ்ப்பாணம். மனைவியும் இரண்டு மகன்மாரும் அங்கே. இவர் பதினொரு வருடமாக இங்கே ஓர் அறை எடுத்துத் தங்கி, மாதத்தில் இரண்டு முறை பஸ்ஸில் போய் வருபவர். வயது நாற்பத்தொன்பது. ஒரு நாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் கடைக்குள் வந்து குடையை மடக்கினார். சுவரில் தொங்கிய சைக்கிள்களை, ஒரு காணியின் எல்லையைப் பார்ப்பதுபோல் இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தார்.

"பிள்ளை, எனக்கு ட்ரான்ஸ்ஃபர் கிடைச்சிட்டுது. யாழ்ப்பாணத்துக்கு."

"சந்தோஷம் சேர்."

"சந்தோஷம்தான். ஆனா நான் பஸ்ஸில போகேல்லை. சைக்கிள்ல போகப்போறன்."

நான் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தேன். இங்கிருந்து யாழ்ப்பாணம் முந்நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம்தான் குறைவு. கடைக்கு வருகிறவர்கள் தூரப் பயணம் என்று சொல்வது பெரும்பாலும் தம்புள்ளைக்குப் போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவதை.

"எத்தனை நாள்ல சேர்?"

"நாலு நாள். அஞ்செண்டாலும் பரவாயில்லை. போய்ச் சேர வேணும், அவ்வளவுதான்." குரலைத் தாழ்த்தினார். "நான் வாயை விட்டிட்டன் பிள்ளை."

விசாரித்தேன். பிரியாவிடைக்கு என்ன சாப்பாடு என்று பேசக் கூடிய கூட்டத்தில், முழுக் கச்சேரிக்கும் முன்னால் எழுந்து நின்று, பதினொரு வருடமாகப் பஸ்ஸில் போய் அலுத்துவிட்டது, இந்தமுறை வீட்டுக்குச் சைக்கிள் உழக்கிக்கொண்டே போகப்போகிறேன் என்று அறிவித்திருக்கிறார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் மனைவிக்கும் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார். மனைவி கை தட்டவில்லை.

"அக்கா என்ன சொன்னாங்க சேர்?"

"'தம்புள்ளையில பஸ் ஏறேக்க ஒரு போன் கோல் எடுங்கோ, சோறு போட்டு வைக்கிறன்' எண்டா."

இதுதான் விஷயம். கையில் ஏழு கிழமை, ஒன்றரை மாதத்துக்கு மேல், இருந்தது. வீட்டு வாசல் படலையில் சைக்கிளிலிருந்து இறங்கினால் அவர் சொன்னதைச் செய்த மனிதர். பஸ்ஸிலிருந்து இறங்கினால், மிச்சமுள்ள வாழ்நாளில் ஒவ்வொரு சோற்றுப் பீங்கானோடும் தம்புள்ளையும் வந்து மேசையில் உட்காரும்.

இவ்வளவையும் அவர் தெளிவாகத்தான் சொன்னார். எனக்கு முந்நூறு கிலோமீற்றர் என்பது மட்டும் கேட்டது. மூன்று வருடமாக நான் காத்திருந்த வாடிக்கையாளர் குடையுடன் வந்து நிற்கிறார். அவரைச் சுவரோடு ஒட்டி நிற்கவைத்து, கால்களுக்கிடையில் ஓர் அப்பியாசக் கொப்பியைப் பிடிக்கச் சொல்லி உயரம் எடுத்தேன். கை நீளம் எடுத்தேன். தோள் அகலம் எடுத்தேன். நூலில் ஒரு நட்டைக் கட்டி முழங்காலிலிருந்து தொங்கவிட்டுப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்கக் காணி அளந்தவர், தன்னை ஒருத்தி அளப்பதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லைக்கல்லும் போடப்போறியோ பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

நான் தெரிந்தெடுத்தது நீல நிற ரேசிங் சைக்கிள். ஒரு விரலில் தூக்கலாம். டயர் சுண்டுவிரல் மொத்தம். ஹேண்டில் ஆட்டுக்கடாக் கொம்புபோல் கீழே வளைந்தது. அதை ஸ்டாண்டில் பூட்டி அவரை ஏற்றி உட்காரவைத்தேன். முதுகின் கோணம், முழங்கையின் கோணம், எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி. பக்கவாட்டில் பார்த்தால் தண்ணீருக்குள் பாயப்போகும் மீன்கொத்தி மாதிரி இருந்தார். எனக்குக் கண் கலங்கியது.

கதிரையில் இருந்தபடி முதலாளியும் பார்த்தார். "மனுசன் எதையோ தொலச்சிட்டு நெலத்துல தேடுற மாதிரி ஈக்காரு," என்றார்.

"அது ஏரோடைனமிக் முதலாளி. காத்துத் தடை கொறையும்."

"சரி. தேடினது கெடச்சா சொல்லச் சொல்லு."

அடுத்த பௌர்ணமிப் போயா லீவுக்கு சேர் பயிற்சிக்குப் புறப்பட்டார். நாலந்தா வரை போய்த் திரும்புவது திட்டம். பகல் ஒரு மணிக்குக் கடை வாசலில் தம்புள்ளையிலிருந்து வரும் மரக்கறி லொறி ஒன்று நின்றது. கோவா மூட்டைகளுக்கு மேலே நீல நிறச் சைக்கிள் படுத்திருந்தது. முன் சீட்டிலிருந்து சேர் இறங்கினார். இறங்கினார் என்பதைவிட, டிரைவரும் கிளீனரும் அவரை இறக்கினார்கள் என்பது சரி.

"கழுத்து," என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "கை. இடுப்பு," என்றார். அதற்குக் கீழே உள்ளதை என்னிடம் சொல்லாமல் முதலாளியின் காதில் சொன்னார்.

நான் கலங்கவில்லை. விஞ்ஞானத்தில் இது சாதாரணம். சீட்டை ஐந்து மில்லிமீற்றர் இறக்கினேன். ஹேண்டிலை அரை அங்குலம் கிட்ட எடுத்தேன். அடுத்த சனிக்கிழமை லொறி அவரை நாலந்தாவுக்குப் பாதி வழிகூட இல்லாத பலாபத்வெலவிலிருந்தே ஏற்றி வந்தது. இந்தமுறை கரட். சீட்டை மாற்றினேன். நடுவில் பள்ளமுள்ள சீட், ஜெல் வைத்த சீட், தோல் சீட் என்று மூன்று சீட் மாற்றினேன். பஞ்சு வைத்துத் தைத்த, சைக்கிள் ஓட்டத்துக்கான அரைக் களிசான் ஒன்றை எடுத்துக் காட்டினேன். அது உடம்போடு ஒட்டி நிற்கும் வகை. அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"பிள்ளை, நான் ஒரு அரசாங்க உத்தியோகத்தன்."

"வெளிய தெரியாது சேர். மேல லோங்ஸ் போட்டுக்கலாம்."

"எனக்குத் தெரியுமெல்லே."

மூன்றாவது கிழமை லொறி டிரைவர் கடைக்கு முன்னால் நிறுத்தி ஹோர்ன் அடித்துவிட்டு, "இன்னிக்கு சேர் வரல்ல, நல்லா இருக்காரா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். சேர் அன்று பயிற்சிக்கே போகவில்லை. மாலையில் கடைக்கு நடந்து வந்து, சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, "யோசிச்சுப் பாத்தா பஸ்ஸும் அவ்வளவு மோசமில்லை," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் குடையை விரிக்க மறந்து மழைக்குள் இறங்கிப் போனார்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்தபோது கோபம் வந்தது. என் கணக்கு பிழைக்காது என்ற கோபம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் கூட வருகிறேன், பின்னால் வந்து எங்கே பிழைக்கிறது என்று பார்க்கிறேன் என்று சேருக்குப் போன் பண்ணினேன். நீங்கள் செய்யும் பிழையை நீங்களே பின்னால் போய்ப் பாருங்கள். கடைக்குள் நின்று பார்த்தால் எல்லோரும் மீன்கொத்திதான்.

ஞாயிறு காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். சேர் முன்னால், நான் பின்னால். டவுன் தாண்டும்வரை அருமையாகப் போனார். அலுவிகாரையில் ஒரு கடைக்கார அம்மா வாசலில் நின்று இரண்டு கையும் கூப்பிச் சிங்களத்தில் வணக்கமாக "ஆயுபோவன் சேர்" என்றார்.

இப்போது யோசியுங்கள். ஆயுபோவன் சொன்னால் ஆயுபோவன் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு கையும் வேண்டும். வளைந்த ஹேண்டிலின் அடியில் தொங்கிக்கொண்டிருந்த மனிதர் நிமிர்ந்தார், இரண்டு கையையும் விட்டார், கூப்பினார். நீலச் சைக்கிள் சுதந்திரமாக வலப்பக்கம் போனது. எதிரே வந்த முச்சக்கரவண்டி வயலுக்குள் இறங்காமல் நின்றது அந்த டிரைவரின் கெட்டித்தனம். அவரும் இறங்கி வந்து, "அட, சேரா? எங்க பெர்மிட் என்னாச்சு?" என்று கேட்டார்.

அப்போதிருந்து எண்ண ஆரம்பித்தேன். கிலோமீற்றருக்கு ஒருவர். காணி பெர்மிட் கிடைக்காதவர், கிடைத்தும் எல்லை பிழைத்தவர், தம்பிக்கும் அண்ணனுக்கும் நடுவில் பலாமரம் நிற்கிறவர். சேருக்கு மாற்றம் என்ற செய்தி றோட்டு நீளத்துக்கும் பரவியிருந்தது. அவர் போவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று எல்லோரும் வாசலுக்கு வந்திருந்தார்கள். பலாபத்வெலவில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு முஸ்லிம் நானா சாக்கை அப்படியே போட்டுவிட்டு நடுறோட்டுக்கு வந்தார்.

"சேர், எங்கட ஃபைல் இப்ப எந்த மேசையில ஈக்குது?"

"உங்கட ஃபைல் மேசையில இல்லை நானா. அலுமாரிக்குள்ள."

"அலுமாரில என்னத்துக்கு? அது என்ன உடுப்பா?"

பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் சேர் எப்படி நின்றார் என்று பாருங்கள். ரேசிங் சைக்கிளின் சீட் உயரம். உட்கார்ந்தபடி கால் நிலத்துக்கு எட்டாது. ஆகவே முன்னால் இறங்கி, குறுக்குப் பாருக்கு இரண்டு பக்கமும் காலைப் போட்டு, இடது கால் பெருவிரல் நுனியில் முழு உடம்பையும் தாங்கி நின்றார். பார் எங்கே அழுத்தியது என்பதை அவர் முதலாளியின் காதில்தான் சொல்லியிருந்தார். எனக்கு இப்போது சொல்லாமலே விளங்கியது. பேச்சு முடிந்ததும் ஒரு காலை ஊன்றி, எம்பி, சீட்டில் ஏறி, தடுமாறி, வேகம் எடுப்பதற்குள் அடுத்தவர்.

நாலந்தாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது இருபத்தாறு தடவை நின்றிருந்தார். என் போனில் ஒரு செயலி உண்டு. சக்கரம் சுழலும் நேரத்தையும் நிற்கும் நேரத்தையும் அது தனித்தனியாகக் காட்டும். ஓடியது ஒரு மணித்தியாலம் இருபது நிமிடம். நின்றது இரண்டு மணித்தியாலமும் கொஞ்சமும்.

நான் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு றோட்டோரத்தில் உட்கார்ந்தேன். மனிதருக்குச் சைக்கிள் ஓடி வலி வரவில்லை. நின்று வந்தது. மூன்று கிழமையாக நான் அவருடைய ஓட்டத்துக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"நிக்காமப் போனா என்னங்க சேர்?"

"நிக்காமப் போனா, ட்ரான்ஸ்ஃபர் வந்தவுடனை மனிசருக்குக் கண் மேல போயிட்டுது எண்டு சொல்லுவினம்."

"நாவுல தாண்டினா உங்கள யாருக்கும் தெரியாதுதானே?"

அவர் தண்ணீர்ப் போத்தலை மூடினார். "மதவாச்சியில மூண்டு வருசம் இருந்தனான். வவுனியாவில ஆறு. கிளிநொச்சியில நாலு."

யாழ்ப்பாணம் வரை போகும் முழு ஏ ஒன்பது வீதியும் அவருடைய வாடிக்கையாளர்கள்.

கடையின் பின்னறையில் கரும்பச்சை நிறத்தில் ஒரு சைக்கிள் இரண்டு மாதமாக நின்றது. கொண்டெய்னரில் வந்தது. நான் அதைத் திரும்பியும் பார்த்ததில்லை. அதுவும் ரோட் பைக்தான். மெல்லிய இரும்புக் குழாய், ஒன்பது கியர், கையில் எடுத்தால் பாரமே தெரியாது. ஆனால் டயர் பெருவிரலைவிட மொத்தம், சேறு தெறிக்காமல் மட்கார்டு, பின்னால் கேரியர், ஹேண்டில் சீட்டின் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும். உட்கார்ந்தால் முதுகு நேராகும், எதிரே வருகிறவரின் முகம் தெரியும். சீட்டில் இருந்தபடியே காலை ஊன்றி எத்தனை நிமிடமும் பேசலாம். முக்கியமானது, ஏற இறங்கக் காலை வீச வேண்டியதில்லை. பார் முன்னாலிருந்து பின்சக்கரம் வரை சாய்ந்து தாழ்ந்து போகும்.

அதாவது, லேடீஸ் சைக்கிள்.

ஜப்பானில் அப்படியில்லை, ஆண்களும் அதில் ஊர் ஊராகப் போகிறார்கள் என்று முதலாளிக்கு விளக்கினேன். "சேர் போறது ஜப்பானுக்கா புள்ள?" என்றார். ஆனால் நீலத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு பச்சையைக் கொடுக்கச் சம்மதித்தார். லொறியில் வந்து இறங்கிய மனிதரை மூன்று கிழமை தாங்கிப் பிடித்தவர் அவர்தானே.

வியாழக்கிழமை பகல் சேர் வந்தார். நான் பச்சையைக் கடைக்கு நடுவில் நிறுத்திவைத்திருந்தேன். சுற்றிவந்து பார்த்தார். டயரைப் பெருவிரலால் அழுத்தினார். பெல்லை ஒருமுறை அடித்தார். ஏறி உட்கார்ந்தார். இரண்டு காலும் நிலத்தில். ஹேண்டிலை விட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பிப் பார்த்தார். சைக்கிள் அசையவில்லை. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். அரை மணித்தியாலம் நின்றுவிட்டுக் கதிரை கிடைத்தவரின் முகம்.

பிறகு கீழே பார்த்தார்.

"பிள்ளை, இது லேடீஸ் எல்லே."

அவர் அதை மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் டயருக்கு ஒட்டுப் போட வந்து பெஞ்சில் காத்திருந்த கச்சேரிக் கிளாக்கர் பேப்பரைத் தாழ்த்தினார். சேரின் அடுத்த அறையில் வேலை செய்பவர். எதையும் மறக்காதவர், எதையும் தனக்குள் வைத்துக்கொள்ளாதவர்.

"என்ன சேர், யாருக்கு இந்த லேடீஸ் சைக்கிள்?"

சேரின் காது சிவந்தது. ஹேண்டிலிலிருந்து ஒவ்வொரு விரலாகக் கழன்றது. அடுத்த நொடியில் இறங்கிவிடுவார், இறங்கினால் திரும்ப ஏறமாட்டார், பஸ்தான், தம்புள்ளைதான், சோற்றுப் பீங்கான்தான். எனக்கு அது அவ்வளவும் தெரிந்தது. யோசிக்க நேரமில்லை. வாய் திறந்தது.

"சேரோட வைஃபுக்குங்க. புதுச் சைக்கிள் ஒண்ணு வேணும்னு கேட்டாங்களாம். லொறில போட்டா கீறல் விழும்னு, சேரே ஓட்டிட்டுப் போய்க் குடுக்கப்போறாரு."

கிளாக்கர் எழுந்தே விட்டார். "யாழ்ப்பாணம் வரைக்குமா? மனைவிக்காகவா?"

சேர் என்னைப் பார்த்தார். கிளாக்கரைப் பார்த்தார். கழன்ற விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப ஹேண்டிலைப் பிடித்தன.

"வேறென்ன செய்யிறது," என்றார். "மனிசி கேட்டிட்டா."

கிளாக்கர் ஒட்டுப் போட்ட டயருடன் போன பிறகு சேர் என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீ இப்ப என்ன செய்தனீ?"

"காப்பாத்தினேன் சேர்."

"ஆரை?"

முதலாளி மேசை லாச்சிக்குள் எதையோ தேடிக்கொண்டே, "நீ பௌதிகம் படிச்ச புள்ளையா, அரசியல் படிச்ச புள்ளையா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்குள் கச்சேரி முழுவதும் தெரிந்துவிட்டது. பெண் உத்தியோகத்தர்கள் சேரின் மேசைக்கு வந்து வாழ்த்தினார்கள். இரண்டு பேர் தங்கள் கணவர்களுக்குப் போன் பண்ணி, நீங்களும் இருக்கிறீர்களே என்று சொன்னார்களாம். சனிக்கிழமை சேர் பச்சைச் சைக்கிளில் நாலந்தா போய், முப்பத்தொரு இடத்தில் நின்று, முப்பத்தொரு பேரின் ஃபைலுக்கும் பதில் சொல்லி, உழக்கிக்கொண்டே திரும்பி வந்தார். லொறி டிரைவர் அவரைத் தாண்டும்போது மரியாதையாக ஹோர்ன் அடித்தார்.

புறப்பட்ட நாளில் நானும் அலுவிகாரை வரை கூடப் போனேன். அந்தக் கடைக்கார அம்மா கை கூப்பினார். சேர் ஒரு காலை ஊன்றி, இரண்டு கையையும் கூப்பி, ஆறுதலாக ஆயுபோவன் சொல்லிவிட்டுப் போனார். இந்தத் தொழிலில் நான் கண்ட மிக அழகான காட்சி அதுதான்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் குரல் பதிவுகள். முதலாளியும் நானும் கடையில் ஒன்றாகக் கேட்டோம்.

"பிள்ளை, தம்புள்ளை. பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால நிக்கிறன். ஏறேல்லை. பின்னால பஸ் தெரியிறமாதிரி ஒரு படம் எடுத்து மனிசிக்கு அனுப்பினனான். 'ம்' எண்டு பதில் வந்திருக்கு."

"மதவாச்சி. பழைய ஆக்கள் மறிச்சிட்டினம். இதென்ன லேடீஸ் சைக்கிள் எண்டு கேட்டினம். நீ சொன்னதைத்தான் சொன்னனான். சந்தோசப்பட்டு அவவுக்கெண்டு ஒரு முட்டித் தயிர் தந்தவை. கேரியரில கட்டியிருக்கு. சீட் ஒண்டும் செய்யேல்லை, சொர்க்கம்."

"வவுனியா. இஞ்சையும் அதே கேள்வி. முன்னாலை கூடை இல்லாமல் அவ எப்பிடிச் சந்தைக்குப் போறது எண்டு ஒரு கூடை வாங்கிப் பூட்டிவிட்டிட்டினம். மஞ்சள் நிறம். பூப்போட்டது."

முதலாளி பதிவை நிறுத்தி, திரும்ப ஒருமுறை கேட்டார். பூப்போட்டது என்ற சொல் வரும் இடத்தில் அவர் தோள் குலுங்கியது.

கிளிநொச்சியில், சாறி சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் வலை கட்டிவிட்டார்கள். ஆனையிறவில் நின்று அவர் அனுப்பிய படம் இப்போதும் என் போனில் இருக்கிறது. பின்னால் நீரேரி. முன்னால் மஞ்சள் கூடை, சிவப்பு வலை, தயிர் முட்டி, ஒரு வாழைக்குலை. நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் காணி சேர். ஐந்தாவது நாள் காலை. கழுத்தும் நேர், முதுகும் நேர்.

பின்னேரம் வரை செய்தி இல்லை. அடுத்த நாளும் இல்லை. போய்ச் சேர்ந்தாரா, படலைக்கு முன்னால் ஏதாவது நடந்ததா, தெரியவில்லை. ஒரு கிழமை கழித்துப் பகல் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது.

"பிள்ளை, சைக்கிள் நல்ல சைக்கிள்."

"சந்தோஷம் சேர். எப்படி, சரியா போய்ச் சேந்தீங்களா?"

"சேர்ந்தனான். கதை எனக்கு முன்னால போய்ச் சேர்ந்திட்டுது. ஒழுங்கையில இருக்கிற பொம்பிளையள் முழுப்பேரும் படலையில நிண்டவை. மனிசியும் நிண்டவ. பதினொரு வருசத்தில அவ என்னைப் பாத்து அப்பிடிச் சிரிச்சதில்லை."

"பஸ்ஸப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"பஸ்ஸைப் பற்றி ஒரு சொல்லு இல்லை. 'எனக்காகவோ உழக்கினீங்கள்' எண்டு கேட்டா. ஆக்கள் எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம். நான் என்ன சொல்ல? ஓம் எண்டன். நான் இறங்க, அவ ஏறினா. அப்ப ஏறினவதான்."

"அப்படின்னா?"

"சந்தைக்கு அதிலதான். கோயிலுக்கு அதிலதான். தங்கச்சி வீட்டுக்கு, தையல் வகுப்புக்கு. இண்டைக்கு அவையள் நாலு பேர் சேர்ந்து கசூரினாக் கடற்கரைக்குப் போயிட்டினம். கழுத்து நோகேல்லையாம், இடுப்பு நோகேல்லையாம். முந்நூறு கிலோமீற்றருக்கு நீ அளந்து தந்த சைக்கிள் பிள்ளை, அது எப்பிடி நோகும்." ஒரு பெருமூச்சு கேட்டது. "நான் வேலைக்குப் பஸ்ஸில போறன்."

நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். கதிரையில் முதலாளி என்ன என்ன என்று கையால் கேட்டார்.

"பிள்ளை, அதே மாதிரி இன்னொண்டு எடுக்கலாமோ? நிறம் எதெண்டாலும் பரவாயில்லை. ஆனா அதே ஃபிரேம். பார் தாழ்ந்துதான் இருக்க வேணும். எனக்கு இனி மற்றது சரிவராது."

"எடுக்கலாம் சேர். ஆனா யாராவது கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"அதை யோசிச்சு வச்சிட்டன். மருமகளுக்கெண்டு சொல்லுவன்."

"பெரிய மகனுக்கு எப்பங்க சேர் கல்யாணம்?"

"அவனுக்கு இப்ப பதினாறு வயசு, ஓ.எல். சோதினை எழுதப்போறான்."

அதனால்தான் இதை எழுதுகிறேன். என்னிடம் கேட்டால், வாடிக்கையாளர் எவ்வளவு தூரம் போகிறார் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். வழியில் யார் யாருக்காக நிற்பார் என்றும் கேளுங்கள். கொஞ்சம் பொய் சொல்ல வேண்டிவந்தால், அந்தப் பொய்யை நம்புகிறவர் அதைத் தன் சொந்தப் பொருளாக எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்பதையும் மனதில் வையுங்கள். மற்றதெல்லாம் முதலாளியிடம்.

போன கிழமை வந்த கொண்டெய்னரில் அவருக்கு ஒன்று கிடைத்தது. செம்மண் நிறம், பார் சாய்ந்தது. கோட்டம் எடுத்து, டயர் மாற்றி, பின்னறையில் வைத்திருக்கிறேன். சீட் உயரத்தைச் சீட்டின் அடியில் டேப் ஒட்டி எழுதியிருக்கிறேன், மாற்ற வேண்டாம். செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாண லொறி வரும்போது கடதாசி சுற்றி ஏற்றிவிடுங்கள். கூடை பூட்ட வேண்டாம் என்று சேர் இரண்டு தடவை சொன்னார். அன்றைக்குக் கச்சேரிக் கிளாக்கர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், யாருக்கு என்று கட்டாயம் கேட்பார்.

மருமகளுக்கு.